கண்டிக்கோட்டைப் பள்ளத்தாக்கை ஒரே நாளில் பார்த்துத் திரும்புவது எப்படி: நகரி, புத்தூர், சித்தூர் பக்கத்தினருக்கான முழுமையான வழிகாட்டி

கடப்பா மாவட்டத்தில், ஜம்மலமடுகிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தள்ளி, பென்னாறு எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு போன இடத்தில் கண்டிக்கோட்டைப் பள்ளத்தாக்கு இருக்கிறது. இருபுறமும் செங்குத்தான சிவந்த பாறைச் சுவர், நடுவில் ஆறு, மேலே பழைய கோட்டை. நம் எல்லையோர ஊர்களிலிருந்து அதிகாலையில் கிளம்பினால் அன்றிரவே வீடு திரும்பிவிடலாம். ஆனால் முதல் தடவை போகிறவர்களில் பலர் உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்து, அரை மணி நேரம் நின்று, தலைவலியோடு திரும்புவதைப் பார்த்துவருகிறேன். அவர்கள் தவறவிடுவது இடத்தை அல்ல, வரிசையை. எதை எப்போது பார்ப்பது, எதை அன்று விட்டுவிடுவது என்ற முறையில் இதை எழுதியிருக்கிறேன்.

1. முதலில் மாதத்தையும் கிழமையையும் முடிவு செய்யுங்கள்

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை போகலாம். மார்ச் பாதியிலிருந்தே பாறை சுடத் தொடங்கிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் கடப்பாப் பக்கம் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம், அந்த நாட்களில் நிழலில்லாத பாறை மேட்டில் குழந்தைகளையும் பெரியவர்களையும் நடக்க வைப்பது சரியல்ல.

அக்டோபர், நவம்பரில் போகிறவர்கள் வானிலை அறிவிப்பை முந்தைய இரண்டு நாட்களும் பார்க்க வேண்டும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் ராஜம்பேட்டை, நந்தலூர் வழி முழுவதும் ஓடைகள் பெருகிவிடும். 2021 நவம்பரில் செய்யேறு ஆற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணை உடைந்து அந்தப் பகுதி பட்ட பாடு நம் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது. மழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்பதே முறை. மழையில் பாறையும் வழுக்கும்.

கிழமையைப் பொறுத்தவரை, முடிந்தால் வேலை நாளில் செல்லுங்கள். சங்கராந்தியை ஒட்டிய விடுமுறையிலும் புத்தாண்டு வாரத்திலும் குறுகலான கோட்டை வாயிலில் வண்டிகள் மாட்டிக்கொண்டு நிற்கும், விளிம்பில் நிம்மதியாக உட்கார இடம் கிடைக்காது.

2. கிளம்பும் நேரத்தைத் திரும்பும் நேரத்திலிருந்து கணக்கிடுங்கள்

பெரும்பாலோர் "காலையில் ஆறு மணிக்குக் கிளம்பினால் போதாதா" என்று தொடங்குகிறார்கள். போதாது. புத்தூரிலிருந்து ரேணிகுண்டா, ரயில்வே கோடூர், ராஜம்பேட்டை, கடப்பா, எர்ரகுண்ட்லா, ஜம்மலமடுகு வழியாகக் கண்டிக்கோட்டை ஏறத்தாழ 240 கிலோமீட்டர். தேநீருக்கு ஒரு நிறுத்தம் சேர்த்தால் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் கிளம்பினால் பதினொரு மணிக்குத்தான் சேர முடியும். அந்த நேரத்து வெயில் நேர் மேலிருந்து விழுவதால் பாறைச் சுவரின் மடிப்புகளில் நிழலே இருக்காது. சுவர் முழுவதும் வெளிறிய ஒரே பரப்பாகத் தெரியும். பள்ளத்தாக்கின் ஆழத்தைக் கண்ணுக்குக் காட்டுவது சாய்ந்து விழும் ஒளிதான். அதற்காகத்தான் இத்தனை தூரம் போகிறோம்.

ஆகவே பின்னாலிருந்து எண்ணுங்கள். ரயில்வே கோடூருக்கும் மாமண்டூருக்கும் இடையில், பாலப்பள்ளிப் பக்கம், சேஷாசலக் காட்டுக்குள் வளைந்து வளைந்து வரும் சாலையை இரவு ஒன்பது மணிக்குள் கடந்துவிடுவது நல்லது. சோர்ந்த கண்ணோடு அதற்குப் பிறகு அந்த வளைவுகளில் ஓட்டக் கூடாது. அப்படியானால் கண்டிக்கோட்டையை விட்டு மாலை நாலரை, மிஞ்சினால் ஐந்து மணிக்குக் கிளம்பியாக வேண்டும். காலை ஒன்பது மணிக்குள் சேர்ந்தால்தான் காலை ஒளி, நடுப்பகல் ஓய்வு, பிற்பகல் ஒளி மூன்றும் கிடைக்கும். எனவே வீட்டிலிருந்து அதிகாலை மூன்றரை மணிக்குப் புறப்பட வேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டிசம்பரில் அங்கே சூரியன் மறைவது மாலை 5.45 வாக்கில். அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பவர்கள் ஒரே நாள் பயணத்தைக் கைவிட்டு, கடப்பாவிலோ, கோட்டைக்கு வெளியே ஆந்திர அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் ஹரிதா விடுதியிலோ இரவு தங்க வேண்டும். இருட்டும் வரை பாறை மேல் இருந்துவிட்டு, மூன்று மணிக்கு எழுந்த ஓட்டுநரை நம்பி 240 கிலோமீட்டர் திரும்புவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஓட்டத் தெரிந்தவர் இருவர் இருந்தாலும் என் எண்ணம் இதுதான்.

இதே காரணத்தால் பேலம் குகைகளையும் அதே நாளில் சேர்க்காதீர்கள். ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தானே என்று பலர் ஆசைப்படுகிறார்கள். போக வர மூன்று மணி நேரம், குகைக்குள் நடக்க ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால் பள்ளத்தாக்குக்கு மிச்சம் எதுவும் இருக்காது. இரண்டு நாள் பயணமாக வைத்துக்கொண்டால் இரண்டையும் நிறைவாகப் பார்க்கலாம்.

3. முந்தைய நாள் மாலையே எடுத்து வைக்க வேண்டியவை

தண்ணீர்தான் முதல் பொருள். ஆளுக்கு மூன்று லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைக்குள் சிறு கடைகள் இருந்தாலும் வேலை நாட்களில் அவற்றை நம்பிப் போகக் கூடாது. உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் நாலைந்து இருக்கட்டும்.

அடுத்தது காலணி. ரப்பர் செருப்போடு வருகிறவர்கள்தான் பாறை மேல் அதிகம் தடுமாறுகிறார்கள். குதிகால் பிடிமானமுள்ள, அடியில் பள்ளம் வெட்டிய காலணி வேண்டும். அங்கே நடப்பது மண் பாதையில் அல்ல, சாய்ந்து கிடக்கும் கற்பாளங்களின் மேல். இரண்டு பாளங்களுக்கு நடுவில் ஒரு பாதம் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். வழவழப்பான செருப்பு அதில் நழுவினால் கணுக்கால் பிசகும்.

சாப்பாட்டுக்கு நம் வீட்டுப் புளியோதரையும் எலுமிச்சை சாதமும் போதும். தயிர் சாதத்தைக் காலையிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள், பிற்பகலுக்குள் புளித்துவிடும். பைகளை மூடிப் பூட்டும்படி எடுத்துச் செல்லுங்கள். அங்கே குரங்குகள் உண்டு, பிளாஸ்டிக் உறையைக் கண்டதும் கையிலிருந்தே பறித்துக்கொள்ளும்.

தொப்பி அல்லது துண்டு, சிறிய டார்ச், கட்டுத்துணியும் மருந்தும் வைத்த சிறு பெட்டி, சில்லறைப் பணம். கைப்பேசியில் வழியை இணையம் இல்லாமலும் பார்க்கும்படி முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

4. வழி

நகரி, புத்தூர்க்காரர்களுக்கு மேலே சொன்ன வழிதான். தேசிய நெடுஞ்சாலை 716 திருத்தணி, நகரி, புத்தூர், ரேணிகுண்டா வழியாகக் கடப்பாவுக்கும் அதற்கு அப்பால் எர்ரகுண்ட்லா, முத்தனூர் வரைக்கும் செல்கிறது. சித்தூர்க்காரர்கள் ரேணிகுண்டாவுக்கு வர வேண்டியதில்லை. பீலேர், ராயச்சோட்டி வழியாகத் தேசிய நெடுஞ்சாலை 40இல் நேரே கடப்பா சேரலாம். அந்த வழியில் குவ்வலசெருவு மலைப்பாதை வரும். சரக்கு லாரிகள் மெல்ல இறங்கும் இடம், அவசரப்பட்டு முந்தக் கூடாது. குவ்வலசெருவு பால்கோவா வாங்க நினைப்பவர்கள் திரும்பும்போது வாங்குங்கள், போகும்போது நிறுத்தினால் அரை மணி நேரம் போய்விடும்.

ஒண்டிமிட்டாக் கோதண்டராமர் கோயில் கடப்பாவுக்குச் சற்று முன்னால் சாலையோரமாகவே வருகிறது. அங்கும் நிறுத்தச் சொல்லி வண்டியில் யாராவது கேட்பார்கள். சாமி கும்பிடுவது நியாயமான ஆசைதான், ஆனால் அதையும் மாலைக்கு ஒத்திவையுங்கள்.

கடப்பாவைத் தாண்டியதும் எர்ரகுண்ட்லா வரை சிமெண்ட் லாரிகளும் கடப்பாக் கல் ஏற்றிய லாரிகளும் கூடவே வரும். நம் சமையலறை மேடைகளில் கிடக்கும் அதே கறுப்புக் கல் இந்தப் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்துதான் வருகிறது. எர்ரகுண்ட்லாவில் நெடுஞ்சாலையை விட்டு ஜம்மலமடுகுச் சாலையைப் பிடிக்க வேண்டும். இங்கே புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. கைப்பேசி வரைபடத்தில் கண்டிக்கோட்டை என்று மட்டும் அடித்தால் அணைக்கும் நீர்த்தேக்கத்துக்கும் வழி காட்ட வாய்ப்பு இருக்கிறது. 'கண்டிக்கோட்டைக் கோட்டை' அல்லது 'ஜும்மா மசூதி, கண்டிக்கோட்டை' என்று குறித்துக்கொண்டால் சரியான இடத்தில் கொண்டுபோய் விடும்.

ரயிலில் வர விரும்புகிறவர்களுக்கு ரேணிகுண்டாவிலிருந்து குந்தக்கல் செல்லும் தடத்தில் முத்தனூர் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கண்டிக்கோட்டை ஏறக்குறைய 26 கிலோமீட்டர். ஆனால் ரயில் நேரத்துக்கும் பாறையில் ஒளி விழும் நேரத்துக்கும் பொருத்தம் ஏற்படுவது அரிது. ஒரு நாள் பயணத்துக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

5. ஜம்மலமடுகில் கால் மணி நேரம்

பெட்ரோல் அல்லது டீசல் நிரப்புவது, பணம் எடுப்பது, காலைச் சிற்றுண்டி, கழிப்பறை ஆகிய நான்கையும் இங்கேயே முடித்துவிடுங்கள். குறிப்பாகப் பெண்களும் பெரியவர்களும் வரும் குழு கழிப்பறை விஷயத்தைத் தள்ளிப்போடக் கூடாது, பாறை விளிம்புப் பக்கத்தில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. பேருந்தில் வந்தவர்கள் இங்கே ஆட்டோ பேசும்போது போக மட்டுமல்லாமல், காத்திருந்து திரும்ப அழைத்து வருவதற்கும் சேர்த்து வாடகை பேசிக்கொள்ள வேண்டும்.

6. கோட்டைக்குள் நுழைந்ததும் எங்கும் நிற்காமல் விளிம்புக்கு

கோட்டை வாயிலைக் கடந்ததும் மினார்கள் கொண்ட சிறு கோபுரம், சிறைக்கூடம், மாதவராய சுவாமி கோயில் கோபுரம் என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். குழு அங்கேயே சிதறிவிடும். இதைத்தான் தடுக்க வேண்டும். கட்டடங்கள் நடுப்பகலிலும் அப்படியே இருக்கும், காலை ஒளி பத்தரை மணிக்கு மேல் இருக்காது. வண்டியை நிறுத்தியதும் ஜும்மா மசூதியையும் அதன் அருகிலுள்ள தானியக் களஞ்சியத்தையும் அடையாளமாக வைத்து, அவற்றைக் கடந்து பாறை மேட்டை நோக்கி நடந்துவிடுங்கள்.

பெரிய பேருந்தில் வருகிறவர்கள் வண்டியைக் கோட்டைக்கு வெளியிலேயே நிறுத்துவது நல்லது. வாயில் பகைவரைத் தடுக்கக் கட்டியது, குறுகி வளைந்து செல்கிறது.

மேட்டில் ஏறும்போது பள்ளத்தாக்கு கண்ணுக்குத் தெரியாது. கற்பாளங்களும் முட்புதர்களும் மட்டுமே தெரியும். அடுத்த நாலைந்து எட்டில் தரை திடீரென்று முடிந்துவிடும். ஆகவே மேட்டில் ஏறத் தொடங்குவதற்கு முன்பே குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். விளிம்பைக் கண்ட பிறகு பிடிப்பது தாமதம்.

7. விளிம்பில் நடந்துகொள்ளும் முறை

இந்தப் பகுதியை மட்டும் குழுவிலுள்ள அனைவரும் முன்னதாகவே படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கீழே ஆறு வரை சுமார் 300 அடி ஆழம். தொடர்ச்சியான கம்பித் தடுப்பு கிடையாது. ஆபத்து எங்கே இருக்கிறது என்பது பாறையின் அமைப்பைப் புரிந்துகொண்டால் விளங்கும். இது கருங்கல் அல்ல. பழங்கால மணல் படிந்து, இறுகி, குவார்ட்சைட் ஆன பாறை. படிவு படிவாக அமைந்ததால் கிடைமட்டமாக ஓர் அடுக்கும், அதைக் குறுக்கே வெட்டும் செங்குத்து விரிசல்களும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து சுவர் முழுவதையும் பெட்டி பெட்டியாகப் பிரித்துவிட்டன. எதிர்க்கரையை உற்றுப் பார்த்தால், யாரோ சதுரக் கற்களை அடுக்கி வைத்தாற்போலத் தெரிவது இதனால்தான்.

எதிர்க்கரையில் எத்தனை பாளங்கள் அடியில் ஆதரவே இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று பாருங்கள். நீங்கள் நிற்கும் கரையும் அப்படிப்பட்டதுதான். மேலே நிற்பவருக்கு அது கெட்டியான தரையாகத் தெரியும், அடியில் இருக்கும் வெற்றிடம் தெரியாது. ஆடு மேய்க்கும் ஒருவர் படம் எடுக்க முன்னால் போன இளைஞரைப் பார்த்து, "அண்ணா, ஆ பண்ட கதுலுதுந்தி, இட்ல ரா" (அண்ணா, அந்தப் பாறை அசையும், இப்படி வா) என்று தெலுங்கில் கூப்பிட்டதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்தப் பாளம் பார்வைக்குச் சற்றும் அசையக்கூடியதாக இல்லை. அவர் மறுபக்கத்தில் காலை ஊன்றி அழுத்திக் காட்டியபோது அடியிலிருந்து 'கடக்' என்று ஓசை வந்தது.

எனவே சில கட்டுப்பாடுகளை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். விளிம்பிலிருந்து இரண்டு ஆள் நீளம் உள்ளே நின்றுதான் பார்க்க வேண்டும். இன்னும் கிட்டே போக விரும்பினால் உட்கார்ந்து நகர வேண்டும், நின்றபடி போகக் கூடாது. பள்ளத்தாக்கிலிருந்து மேலெழும் காற்று திடீரென்று தள்ளும். சேலை முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். கைப்பேசித் திரையைப் பார்த்தபடி ஓர் எட்டுக்கூடப் பின்னால் வைக்கக் கூடாது. படம் எடுப்பவர் இருக்கும் இடத்திலேயே இருக்க, படத்துக்கு நிற்பவர் முதலில் இடத்தைப் பார்த்து உட்கார்ந்த பிறகு எடுக்கும் வரிசையைப் பழக்கிக்கொள்ளுங்கள். பாளத்திலிருந்து பாளத்துக்குத் தாண்டுவது வேண்டவே வேண்டாம்.

இந்தக் கட்டுப்பாடுகளோடு ஒரே இடத்தில் முக்கால் மணி நேரம் அமைதியாக உட்காருங்கள். வேகமாக நாலு இடத்துக்கு நடப்பதைவிட இதில்தான் அதிகம் காணக் கிடைக்கும். ஒளி நகர நகர, சுவரில் முதலில் கறுப்பாகக் கிடந்த விரிசல் செந்நிறமாகி, அதற்குள்ளிருக்கும் அடுக்குகள் ஒவ்வொன்றாகத் துலங்கும். கீழே தண்ணீரின் நிறமும் மாறிக்கொண்டே இருக்கும்.

8. நடுப்பகலைக் கட்டடங்களுக்கு ஒதுக்குங்கள்

பத்தரை மணிக்குப் பாறையை விட்டு இறங்கிவிடுங்கள். ஜும்மா மசூதியின் வளைவுகளுக்கு அடியிலும், களஞ்சியத்தின் உள்ளேயும், மாதவராய சுவாமி கோயில் மண்டபத்திலும் நல்ல நிழல் இருக்கிறது. மசூதிக்கு எதிரிலுள்ள குளத்தையும், சற்றுத் தள்ளியிருக்கும் ரங்கநாதர் கோயிலையும் இந்த நேரத்தில் பார்க்கலாம். தூண் சிற்பங்களில் சுண்ணாம்பு, சாக்பீஸ் எதையும் தேய்க்கக் கூடாது, இவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை.

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. கட்டுச்சாதம் இல்லாதவர்கள் ஹரிதா விடுதியின் உணவகத்துக்குப் போகலாம். சாப்பிட்டதும் ஓட்டுநர் கட்டாயம் ஒன்றரை மணி நேரமாவது படுத்துத் தூங்க வேண்டும். குழுவில் மற்றவர்கள் அவரை எதற்கும் எழுப்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரவில் எல்லோரும் நலமாக வீடு சேர்வது இந்தத் தூக்கத்தைப் பொறுத்தது.

9. ஆற்றுக்கு இறங்கும் ஆசை

கீழே தண்ணீர் கிட்டத்தில் இருப்பதுபோலத் தெரிவதால் இளைஞர்கள் இறங்கத் துடிப்பார்கள். ஒரு நாள் பயணத்தில் இறங்காதீர்கள். இறங்கும் தடம் சரளையும் உருண்ட கற்களுமாக இருக்கும், ஏறி வருவது இறங்கியதைப்போல இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். அதைவிட முக்கியமான காரணம் நீர். பள்ளத்தாக்குக்கு மேல்புறம் 26.85 டிஎம்சி கொள்ளளவுள்ள கண்டிக்கோட்டை நீர்த்தேக்கம் இருக்கிறது, கீழ்ப்புறம் மைலவரம் அணை இருக்கிறது. மேலணையிலிருந்து எப்போது எவ்வளவு திறந்துவிடுகிறார்கள் என்பது கரையில் நிற்கும் உங்களுக்குத் தெரியாது. வானம் வெளுத்திருக்கும் நாளிலும் நீர்மட்டம் உயரலாம். கரையோரம் ஆழம் படிப்படியாக இறங்குவதில்லை, பாறை முடிந்த இடத்தில் நேராக இறங்கிவிடும். நீச்சல் தெரிந்தவருக்கும் கைபிடிக்க இடம் இருக்காது.

யாராவது விழுந்து அடிபட்டால் நீங்களே தூக்கிக்கொண்டு பாறைகளின் மேல் ஓடாதீர்கள். 108க்கு அழைத்து, ஜும்மா மசூதியை அடையாளமாகச் சொல்லுங்கள். ஒருவர் வண்டி வரும் இடத்தில் போய் நிற்கட்டும். கிராமத்தார் உதவிக்கு வருவார்கள்.

10. பிற்பகல் ஒளியும் திரும்புதலும்

மூன்று மணிக்கு மறுபடி மேட்டுக்குப் போங்கள். காலையில் உட்கார்ந்த இடத்துக்கே போவது நல்லது. அங்குள்ள பாளங்களை ஏற்கெனவே அறிந்திருப்பீர்கள், காலையில் நிழலாயிருந்த முகங்களில் இப்போது ஒளி விழுவதையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். தண்ணீர்ப் புட்டிகளையும் சாப்பாட்டு உறைகளையும் இந்த நேரத்தில் எண்ணிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாறை இடுக்கில் விழுந்த பிளாஸ்டிக்கை எடுக்கக் கையை விடுவதற்கு முன் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், பாம்பும் தேளும் அந்த நிழலில்தான் கிடக்கும்.

நாலேகாலுக்கு எழுந்து, எல்லோரும் இருக்கிறார்களா என்று எண்ணிவிட்டு இறங்குங்கள். நாலரைக்கு வண்டி நகர்ந்தால் ஆறரை வாக்கில் கடப்பா. அங்கே அரை மணி நேரம் நின்று சூடாக ஏதாவது சாப்பிட்டு, ஓட்டுநரை மாற்றுங்கள். ஒண்டிமிட்டாவில் தரிசனம் என்று சொல்லி வைத்திருந்தால் கால் மணி நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். ரயில்வே கோடூரில் வண்டி விளக்குகளையும் முன்கண்ணாடியையும் துடைத்துச் சரிபார்த்த பிறகே காட்டுப் பாதைக்குள் நுழையுங்கள். அங்கே ஓட்டுநருக்குச் சற்றேனும் தூக்கக் கலக்கம் இருந்தால், அதே ஊரில் வண்டியை ஓரங்கட்டி அரை மணி நேரம் கண்ணயர விடுங்கள். வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லிவிட்டால் போதும், அங்கே யாரும் தாமதத்துக்காகக் கோபிக்க மாட்டார்கள்.